உயிரோடிருக்கும் தாத்தாவின் பெயர்

ப்ளோவ்திவ்,
செவ்வாய்க்கிழமை மாலை.

என் மதிப்புக்கும், இந்த வயதிலும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்கா லூனாவுக்கு,

தம்பி மெர்க்காதோ உன் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் யாஃபாவில் கடற்காற்று வாங்கிக்கொண்டு, முழங்கால் வலி குறைந்து, கொள்ளுப்பேரன்கள் போடும் கூச்சலில் காது இன்னும் கொஞ்சம் மந்தமாகி, எல்லா விதத்திலும் நிம்மதியாக இருக்க ஆண்டவன் அருள் புரியட்டும். இங்கே நான் நலம். ஏதோ வழக்கத்துக்காக இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. நான் நலமாக இருப்பதுதான் இந்த வாரம் இந்த வீட்டில் நடக்கிற அத்தனை தகராறுக்கும் காரணம்.

நம் நிசிமுக்கு ஆண் குழந்தை பிறந்திருப்பது உனக்குத் தெரியும். நான் போன வியாழக்கிழமை ஃபோனில் சொன்னதை உன் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டதால் உங்கள் தெருவுக்கே தெரியும். அதனால்தான் மீதியைக் கடிதமாக எழுதுகிறேன். நாளைக் காலை விமானத்தில் உங்கள் பக்கம் வருகிற பார்தோ வீட்டுப் பெண் கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளை மறுநாள் குழந்தைக்கு எட்டாம் நாள். ஜெப ஆலயத்தில் விருத்தசேதனமும் பெயர் சூட்டலும். மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர் என்பது ஸ்பெயினிலிருந்து வந்த நம் யூதப் பாட்டன்மார் காலத்திலிருந்து நம் வீடுகளில் மாறாத வழக்கம். அந்தக் கணக்கில் வர வேண்டியது என் பெயர். அதை வைக்கக் கூடாதாம். ஏன் தெரியுமா? நான் இன்னும் சாகவில்லையாம்!

சொல்பவள் சம்பந்தியம்மா ஃபான்யா. கல்யாணத்தில் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு, ரபி ஜெபம் சொல்லும்போதே அவர் உச்சரிப்பைத் திருத்தினாளே, அவளேதான். வடக்கே கிஷினாவ் நகரத்தில் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். நானோ நாற்பது வருஷம் பல் டாக்டர். நான் பேசும்போது எதிரில் இருப்பவர்கள் வாயைத் திறந்துகொண்டு, பதில் சொல்ல வழியில்லாமல் கேட்பதுதான் எனக்குப் பழக்கம். இவள் என்னடாவென்றால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பதில் வைத்திருக்கிறாள். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே சொந்தப் பாத்திரங்களோடு வந்து இறங்கினாள். பஸ்காப் பண்டிகைக்கு நாம் அரிசிச் சோறு சாப்பிடுவோம் (அவள் பக்கத்து யூதர்களுக்கு அந்த வாரம் அரிசியே ஆகாது) என்று கேள்விப்பட்டதிலிருந்து நம் பாத்திரங்கள் மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. மீனை அரைத்து உருண்டை பிடித்து அதில் சர்க்கரை போடுகிறாள். மீனில் சர்க்கரை! அந்த மீன் யாருக்கு என்ன கெடுதல் செய்தது? குழந்தை பிறக்கும் முன் அதற்கென்று ஒரு கைக்குட்டைகூட வாங்கக் கூடாது என்று தடை போட்டாள். அதன் பலன், குழந்தை பிறந்த அன்று நிசிம் தொட்டிலுக்கும் துணிக்கும் பால் புட்டிக்கும் ஊரெல்லாம் ஓடி, கடைசியில் பூனைக்குட்டிகளை வைக்கும் கூடை ஒன்றை வாங்கிவந்து நின்றான்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கூடையில் குனிந்து, "வாடா என் ராஜா, மெர்க்காதோ யுல்சாரி! ஒரு பல்லுகூட இல்லாம சிரிக்கிறியே, உன்னை வெச்சு நான் எப்படிடா பொழைக்கிறது" என்று கொஞ்சினேன். பின்னால் சூப் கிண்ணம் உடைகிற சத்தம் கேட்டது.

"யாரைக் கூப்பிட்டீங்க, சம்பந்தி?"

"என் பேரனை."

"அந்தப் பேரைச் சொல்லியா?"

"வேற எந்தப் பேரைச் சொல்லி?"

உடனே "தூ, தூ, தூ" என்று மூன்று தடவை கூடையைச் சுற்றித் துப்பினாள். அதில் இரண்டு என் சட்டையில் விழுந்தது. "உயிரோட இருக்கிற மனுஷன் பேரை யாராவது குழந்தைக்கு வைப்பாங்களா? எங்க பக்கத்துல போனவங்க பேரைத்தான் வைப்போம். இருக்கிறவர் பேரை வெச்சா, சீக்கிரம் கிளம்புங்கன்னு உங்களைத் துரத்துற மாதிரி ஆகாதா?"

"நான் எங்க கிளம்புறேன்? இங்கதானே நிக்கிறேன்?"

"மரணதூதன் பேரை விசாரிச்சுக்கிட்டுத்தான் வருவான். ஒரே வீட்டுல ரெண்டு மெர்க்காதோ இருந்தா எந்த மெர்க்காதோவைத் தூக்குவான்?"

"எழுபத்திநாலு வயசுக்காரன் எவன், பால் குடிக்கிறவன் எவன்னு அவனுக்குத் தெரியாதா?"

"அவன் என்ன மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டா வரப்போறான்? தப்பித் தவறிக் குழந்தையைத் தூக்கிட்டா என்ன பண்ணுவீங்க? போய் அவன் பல்லைப் பிடுங்குவீங்களா?"

அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "என் வீட்டுக்காரர் பேரு இருக்கு. ஸெலிக். நல்ல பேரு. யாருக்கும் உபயோகப்படாம சும்மா கிடக்குது" என்றாள். ஸெலிக் யுல்சாரி! நீயே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார். பாயசத்தில் மீன் உருண்டையைப் போட்டது போல இல்லை? என் மனைவி ரஷெலைத் திரும்பிப் பார்த்தேன். அவள் குழந்தைத் துணியை மடித்துக்கொண்டே, "ஏங்க, உங்க பேரு என்ன வானத்துலேர்ந்து விழுந்ததா? காசு குடுத்து வாங்கின பேருதானே" என்கிறாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் சொல்கிற பேச்சா இது? ஒரு மாதமாக இரண்டு பெண்களும் சேர்ந்து கத்தரிக்காய் வதக்குகிறார்கள், அதுதான் விஷயம்.

விசேஷத்துக்கு வழக்கமாகச் செய்கிற பாதாம் பலகாரத்தை இந்தத் தடவை நான் கடையில் செய்யச் சொல்லி, ஒவ்வொன்றின் மேலும் சர்க்கரைப் பாகால் "மெர்க்காதோ" என்று எழுதி வாங்கியிருந்தேன். திங்கட்கிழமை காலையில் தட்டைத் திறந்தால் அத்தனையும் மொட்டை. கத்தியால் நேர்த்தியாகச் சுரண்டியிருக்கிறாள். "என்ன சம்பந்தியம்மா இது?" என்றால், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எழுத்து கோணலா இருந்துச்சு" என்கிறாள். நான் தயிர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து, "பாருங்க, தினமும் இதைச் சாப்பிடறேன். பல்கேரியாக்காரன் தயிர் சாப்பிட்டா நூறு வயசு. எனக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாம பேரை வைங்க" என்று தைரியம் சொன்னேன். அதற்கு அவள், "தயிர் சாப்பிட்டவங்க எல்லாரும் இருக்கீங்கன்னா உங்க ஊர்ல எதுக்கு இவ்வளவு பெரிய கல்லறைத் தோட்டம்?" என்று கேட்டாள். முந்தின நாள் அந்தப் பக்கம்தான் நடந்துபோனாளாம்.

வாயால் சொன்னால் நம்பாதவளுக்குக் கண்ணால் காட்டுவோம் என்று ஜெப ஆலயத்து முற்றத்துக்குப் போய் சாந்தோவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். சாந்தோ ஃபார்ஹியை உனக்கு மறந்திருக்காது. உனக்குக் கடிதம் எழுதி அப்பாவிடம் அடி வாங்கினவன். அவனுக்கு நான்கு மகன்கள், நான்கு பேருக்கும் மூத்த பையன் பெயர் சாந்தோ. பண்டிகைக்கு எல்லாரும் கூடியிருக்கும்போது "சாந்தோ" என்று ஒரு குரல் கொடுத்தால் ஐந்து தலை திரும்பும். ஐந்தும் உயிரோடு, கொழுகொழுவென்று. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் நான் ஒன்றை மறந்துவிட்டேன். நம் வீடு நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது, சாந்தோவின் எடையோ உனக்குத் தெரியும். கதவைத் திறந்ததும், "சம்பந்தியம்மா, இதோ பாருங்க, பேரனுக்குத் தன் பேரை வெச்சவன், கல்லு மாதிரி இருக்கான்" என்று நான் சொல்லி முடிக்கவில்லை, கல் அப்படியே என் தோளில் சாய்ந்தது. சோபாவில் படுக்க வைத்துச் சட்டைப் பொத்தானைக் கழற்றி, ஃபான்யா அவன் நாக்கின் கீழ் ஏதோ சொட்டு மருந்து விட்டு, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எத்தனை பேரனுக்குப் பேரு வெச்சீங்க?" என்று மட்டும் சாந்தோவைக் கேட்டாள். அந்த முட்டாள் கண்ணை மூடிக்கொண்டே, பெருமையாக, "நாலு" என்றான். அவள் நாலு விரலை என் பக்கம் காட்டினாள்.

இன்று காலை நடந்தது இன்னும் மோசம். சமையலறையில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன் (குளியலறையை நிசிம் பிடித்துக்கொண்டான். இந்தச் சண்டை ஆரம்பித்ததிலிருந்து அவன் பாதி நாள் குளியலறையிலேயே இருக்கிறான்). ஃபான்யா வந்து, "அப்ப பேசாம ஸெலிக்னே வெச்சிடலாமா, சம்பந்தி?" என்று சாந்தமாகக் கேட்டாள். வாய் நிறைய நுரை. பேச முடியாமல், நம் ஊர் வழக்கப்படி தலையை மேலும் கீழுமாகப் பலமாக ஆட்டினேன், மாட்டவே மாட்டேன் என்று. இருபது வருஷமாக யாஃபாவில் இருக்கும் உனக்கே மறந்திருக்கலாம். இந்த ஊரில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் இல்லை, இடமும் வலமும் ஆட்டினால் ஆமாம். உலகத்தில் எல்லாரும் தலைகீழாக ஆட்டினால் அதற்கு நாம் என்ன செய்வது? கிஷினாவ்காரிக்கு இது தெரியுமா? "தங்கமான மனுஷன்!" என்று கட்டிப் பிடித்துக்கொண்டு, நுரையெல்லாம் தன் தோளில் அப்பிக்கொள்ள, அழுதுவிட்டு, நேரே ஃபோனுக்குப் போனாள். நான் வாய் கொப்பளித்து முடிப்பதற்குள் கிஷினாவில் பாதிப் பேருக்குச் செய்தி போய்விட்டது. அவள் தங்கை, அவள் நாத்தனார், ஸெலிக்கோடு வேலை பார்த்த இன்ஜினியர்கள் என்று வரிசையாக அழைத்து வாழ்த்துச் சொன்னார்கள். ஒருத்தர் ஃபோனிலேயே பாட்டுப் பாடினார். அதற்கப்புறம் உட்கார்ந்து, "சம்பந்தியம்மா, நான் ஆட்டினது வேண்டாம்னு" என்று விளக்கினேன் பார், அந்த நிமிஷம் எனக்கு வந்த மாதிரி உனக்கு வரக் கூடாது. அவள் சத்தம் போடவில்லை. ஃபோனைத் திருப்பி வைத்துவிட்டு, "அப்படியா" என்றாள். சத்தம் போட்டிருக்கலாம்.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஏதாவது பேச வேண்டுமே என்று, மத்தியானம் சாப்பிடும்போது என் பெயரின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தேன். அங்கேதான் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

"மெர்க்காதோன்னா வாங்கப்பட்டவன்னு அர்த்தம், சம்பந்தியம்மா. எனக்கு முதல்ல வெச்ச பேரு ஆவ்ராம். எங்க தாத்தா பேரு. ஆறு மாசக் குழந்தையில எனக்கு உடம்பெல்லாம் கொதிச்சுது, டாக்டர் கைவிரிச்சிட்டார். எங்கம்மா என்னைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போய், மேல்வீட்டு சுல்தானா அத்தைகிட்ட ஒரு காசுக்கு வித்துட்டாங்க. அவங்களுக்கு எட்டுக் குழந்தை, ஒண்ணுகூடத் தவறல. வித்தவுடனே பேரையும் மாத்தியாச்சு. மரணதூதன் எங்க வீட்டுக் கதவைத் தட்டி, ஆவ்ராம் இருக்கானான்னு கேட்டா, அப்படி யாரும் இல்ல, இது வேற வீட்டுப் பிள்ளை, பேரு மெர்க்காதோன்னு சொல்லிடலாம் பாருங்க. அவன் ஏமாந்து போயிட்டான். நான் பொழைச்சுக்கிட்டேன்!"

சுல்தானா அத்தை சாகும்வரை பண்டிகைக்குப் பண்டிகை வந்து, "என் சரக்கு எப்படி இருக்கு?" என்று என் கன்னத்தைக் கிள்ளினதையும், நான் டாக்டரான பிறகு வாங்கினவளுக்கு உரிமை உண்டு என்று வாய் நிறைய இலவசமாகப் பல் கட்டிக்கொண்டதையும் சொல்லி நானே சிரித்தேன். மற்ற யாரும் சிரிக்கவில்லை. ஃபான்யா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இருங்க. உங்களுக்கு ஆவ்ராம்னு பேரு வெச்சப்ப, அந்த ஆவ்ராம் தாத்தா இருந்தாரா?"

"இருந்தாரே. ஜம்முனு இருந்தார்."

"உயிரோட இருந்தவர் பேரை வெச்சாங்க. ஆறு மாசத்துல வந்துட்டான்."

"அது வந்து..."

"தாத்தா எப்பப் போனார்?"

"தொண்ணூத்தியோரு வயசுல."

"அப்ப கிழவரை விட்டுட்டுக் குழந்தைகிட்டதான் வந்திருக்கான். ஞாயித்துக்கிழமையிலேர்ந்து நான் வேற என்ன சொல்லிட்டிருக்கேன்? எங்களுக்கு மூடநம்பிக்கைன்னு சிரிச்சீங்களே, அவனை ஏமாத்த வித்து வாங்கி வியாபாரமே பண்ணியிருக்கீங்க!"

அக்கா, நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக நான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ரஷெல் சிரித்துச் சிரித்து உணவு புரையேறி, நிசிம் அவள் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. சோபாவில் படுத்திருந்த மருமகள் இன்னாகூட சிரிப்பை அடக்கத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஆனால் ஜெயித்தவள் சிரிக்கவில்லை. எல்லாரும் எழுந்து போன பிறகு தட்டுகளை அடுக்கிக்கொண்டே அவள்பாட்டுக்குப் பேசினாள். "எங்க பக்கத்துலயும் உண்டு, சம்பந்தி. உடம்பு ரொம்ப முடியாமப் போனா கூட ஒரு பேரு சேர்ப்பாங்க. ஸெலிக் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப ஒரு பெரியவர் வந்து, ஹாயிம்னு ஒரு பேரு சேர்த்திடலாம், உயிர்னு அர்த்தம், தூதன் குழம்பிடுவான்னார். ஸெலிக் சிரிச்சார். ரேஷன் அட்டையிலேர்ந்து பதக்கம் வரைக்கும் எல்லாத்துலயும் ஒரே பேரு, இப்பப் போயி மாத்தணுமான்னார். நானும் படிச்சவதானே, விட்டுட்டேன். மூணாம் நாள் போயிட்டார்." ஒரு தட்டைத் துடைத்ததையே மறுபடி துடைத்தாள். "உங்க பேரைத் தெருவுல நாலு பேரு கூப்பிடறாங்க, நீங்க திரும்பிப் பாக்கறீங்க. அவர் பேரை நான் சத்தமாச் சொல்லிப் பதினாலு வருஷமாச்சு. ஆளில்லாத வீட்டுல அந்தப் பேரைச் சொன்னா பைத்தியம்னு நினைப்பாங்கல்ல. சரி விடுங்க. உங்க வீட்டுப் பிள்ளை. உங்க இஷ்டம். நான் இனிமே பேசல."

ஆகவே வழக்கு முடிந்துவிட்டது. நிசிம் குளியலறையிலிருந்து வெளியே வந்து, "அப்பா, ரபி கேக்கும்போது நீங்களே பேரைச் சொல்லிடுங்க" என்றான். இன்னாவும் சரி என்றாள். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்தவனுக்கு ஏன் சாயங்காலத்திலிருந்து நெஞ்சு கரிக்கிறது என்று கேட்காதே, மீன் உருண்டையாக இருக்கும்.

எனக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று நீ கேட்பாய். உனக்குச் சொல்வதற்கு என்ன? நம் ஆட்களெல்லாம் கப்பலேறி உங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். கடைசியில் நீயும் பிள்ளைகளோடு போய்விட்டாய். நான் இங்கேயே நின்றுவிட்டேன். இந்தச் சின்ன நாட்டில் இப்போது நாம் எத்தனை பேர் என்று எண்ண ஒரு கல்யாண மண்டபம் போதும். நான் போன பிறகு என் பெயரை ஒரு குழந்தைக்கு வைத்தால் எனக்கு எப்படித் தெரியும்? கல்லறையில் படுத்துக்கொண்டு காதைத் தீட்டவா முடியும்? கீழே தெருவில் பையன்கள் "டேய் மெர்க்காதோ, பந்தை எடுத்துட்டு வாடா" என்று கத்த வேண்டும், நான் ஜன்னலில் தயிர்க் கிண்ணத்தோடு நின்று அதைக் கேட்க வேண்டும். நம் வழக்கத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான், மரியாதையை ஆள் இருக்கும்போதே கொடுத்துவிடுகிறோம். இது பேராசையா, சொல்.

அதனால் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கடிதம் கிடைத்ததும் நாளை சாயங்காலம் ஃபான்யாவுக்கு ஃபோன் செய். உனக்குக் காது கேட்காது என்று தயங்காதே, அவள் சொல்வதை நீ கேட்கவே வேண்டாம், பேசினால் போதும். எனக்கு அன்று வந்தது வெறும் தட்டம்மைதான், தட்டம்மைக்கு யார் பெயரும் தெரியாது, நீ ஏழு வயதுப் பெண்ணாகப் பக்கத்திலேயே நின்று பார்த்தாய் என்று சொல். தாத்தா நம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்ததையும் சொல். கடைசியில், என் தம்பி செய்வது சரிதான் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள். அதை ஸ்பீக்கரில் போட்டுச் சொல், நானும் பக்கத்தில் இருப்பேன். நான் பின்வாங்குவதாக இல்லை. வியாழக்கிழமை காலையில் இந்த ஊரில் இரண்டாவது மெர்க்காதோ யுல்சாரி தலையெடுப்பான், கிஷினாவே திரண்டு வந்தாலும் சரி.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகள் பெருகட்டும், பேரன்கள் செழிக்கட்டும், உன் கை தொட்ட மாவு உப்பட்டும், உன் வாசலில் நல்ல சேதி மட்டும் வந்து நிற்கட்டும். நூற்றிருபது வயது வரை நீ இருந்து என்னைத் திட்ட வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடு இருக்கும் குற்றத்தைத் தொடர்ந்து செய்துவரும்
உன் தம்பி
மெர்க்காதோ

பி.கு.: இன்று வியாழக்கிழமை மாலை. நேற்று சோஃபியாவில் பனிமூட்டத்தால் விமானம் கிளம்பவில்லை. பார்தோ வீட்டுப் பெண் கடிதத்தோடு திரும்பி வந்து, நாளைக்குத்தான் போகிறேன் என்கிறாள். மேலே உள்ளதைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன், இவ்வளவு எழுதியிருக்கிறோமே என்று மனம் வரவில்லை. படித்துவிட்டாய் அல்லவா? இப்போது எல்லாவற்றையும் மறந்துவிடு. ஃபோன் செய்யாதே. தட்டம்மையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதே.

காலையில் ஜெப ஆலயத்தில் நுழையும்போதே முற்றத்தில் நின்றவர்களெல்லாம் "மெர்க்காதோ, வாழ்த்துகள்! மெர்க்காதோ, இங்க வா! மெர்க்காதோ, பேரன் உன்னை மாதிரியே இருக்கான்!" என்று ஒரே சத்தம். (என்னை மாதிரி இல்லை. நெற்றி அகலம், புருவம் இரண்டும் சேர்ந்திருக்கிறது. ஃபான்யாவின் பையில் இருக்கும் புகைப்படத்தில் அந்தப் புருவத்தைப் பார்த்திருக்கிறேன்.) எலியா தீர்க்கதரிசிக்கென்று காலியாக விட்டுவைக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்து, மடியில் தலையணை வைத்து, அதன் மேல் குழந்தையைக் கிடத்தினார்கள். ஃபான்யா உள்ளே வரவில்லை. விருந்துக்கு முட்டை உரிக்கப் போகிறேன் என்று பக்கத்து அறையில் இருந்துவிட்டாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கதவு வழியாக அவள் முதுகு தெரிந்தது. ஒரே முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, உரித்து முடித்ததையே திரும்பத் திரும்ப உரித்துக்கொண்டிருந்தாள். செய்ய வேண்டியதெல்லாம் முடிந்து, குழந்தை வீறிட்டு அழுது, ரபி என் பக்கம் குனிந்து, பெயர் என்ன என்று கேட்டார். தொண்டை வரைக்கும் மெர்க்காதோ வந்தது, சத்தியமாக. அந்த முதுகைப் பார்த்தேன். என் பெயரை இன்றைக்கு ஒரு காலையிலேயே ஊர் முழுக்கக் கூப்பிட்டாகிவிட்டது, எனக்கு இன்னும் எவ்வளவுதான் வேண்டும் என்று தோன்றியது. பக்கத்து அறைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கத்தியே சொன்னேன், "ஸெலிக்!"

பின்வரிசையிலிருந்து சாந்தோ எழுந்து, "டேய், பதட்டத்துல மறந்துட்டியா? உன் பேரு மெர்க்காதோடா!" என்று எனக்கு எடுத்துக்கொடுக்கிறான். "ஸெலிக், ஸெலிக்" என்று மறுபடி சொன்னேன். ஃபான்யா கையில் முட்டையோடு ஆண்கள் நடுவில் வந்து நின்று, "யாரைக் கேட்டு இப்படிப் பண்ணீங்க?" என்று என்னை அதட்டிவிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். ரஷெலும் அழுதாள். நான் அழவில்லை, மூக்கு ஒழுகியது. நம் ஊரில் தாத்தா பெயர் வைக்காவிட்டால் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று உனக்குத் தெரியாதா? விருந்தில் ஒவ்வொருத்தராக என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், மகனோடு மனஸ்தாபமா, உடம்பில் ஏதாவது கோளாறா என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஃபான்யா எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்து, எதிரில் உட்கார்ந்தாள். "அடுத்த பேரனுக்கு உங்க பேருதான், சம்பந்தி. நான் வாக்குக் கொடுக்கறேன்" என்றாள்.

"அப்பவும் நான் உயிரோட இருந்து தொலைச்சா?"

"இருந்தா உங்க வழக்கம். போயிட்டா எங்க வழக்கம். எப்படிக் கணக்குப் போட்டாலும் உங்க பேரு நிச்சயம்." உள்ளே குழந்தை சிணுங்கியது. எழுந்து போனவள் கதவருகில் நின்று திரும்பினாள். "ஆனா நீங்க இருந்தே கேளுங்க."

சரி என்று சொல்லியிருக்கிறேன், அக்கா.